நீலப்புள்ளியும் எல்லைக்கல்லும்

2012ஆம் ஆண்டு நவம்பரில் உலக வங்கி தெற்காசியாவின் மூன்று நகரங்களில் ஒரு புதிய வேலையைத் தொடங்கியது. டாக்கா, காட்மாண்டு, மட்டக்களப்பு. முதல் இரண்டும் தலைநகரங்கள். அந்த வரிசையில் நம் மட்டக்களப்புக்கு என்ன வேலை? பேரிடர்தான். 1978 நவம்பரில் சூறாவளி, 2004 டிசம்பரில் சுனாமி, 2011 ஜனவரியில் வெள்ளம் என்று ஒரே மனிதரின் ஆயுளுக்குள் மூன்று முறை அடிவாங்கிய ஊர் இது. அடுத்தது வரும்போது எந்தத் தெருவில் என்ன நிற்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம்.

'ஓப்பன் சிட்டீஸ்' என்ற அந்தத் திட்டம் மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவை எடுத்துக்கொண்டது. 48 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், ஏறக்குறைய 68 சதுர கிலோமீட்டர். அரசு தரப்பில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உடன் நின்றது. முதலில் செய்மதிப் படத்தைக் கணினித் திரையில் விரித்துவைத்து, தெரிகிற கூரை ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுத்தார்கள். பிறகு தெருவில் இறங்கினார்கள். கூரைக்குக் கீழே இருப்பது செய்மதிக்குத் தெரியாது. எத்தனை மாடி, சுவர் கல்லா பலகையா, வீடா கடையா பாடசாலையா என்பதையெல்லாம் ஒரு மனிதர் வாசலில் நின்று பார்த்துத்தான் எழுத வேண்டும். இப்படி 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறின. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த உலக வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

இந்த அத்தியாயம் அந்தக் கட்டடங்களைப் பற்றியதல்ல. அவற்றுக்கு நடுவே கிடக்கும் வெளிகளைப் பற்றியது. காந்தி பூங்கா, வெபர் மைதானம், கல்லடிக் கடற்கரை, 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு மாலையில் காற்று வாங்க வருபவர்களுக்கென்றே ஆகிவிட்ட பழைய கல்லடிப் பாலம், வாவிக்கரையோரத்தில் ஆங்காங்கே ஒரு ஊஞ்சலும் இரண்டு வாங்குமாக நிற்கும் சிறுவர் பூங்காக்கள். பொதுப் பணம் எங்கெல்லாம் ஓய்வாகவும் விளையாட்டாகவும் மாறியதோ அந்த இடங்கள். திறப்புவிழாவன்று பெயர்க்கல் நாட்டி, நாடா வெட்டி, படம் பிடித்தாயிற்று. ஏழு வருடம் கழித்து அந்த ஊஞ்சல் நிற்கிறதா, நின்றால் பிள்ளையை ஏற்றலாமா, பூங்காவின் மேற்கு மூலை இன்னும் பூங்காவாகத்தான் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? என் அனுபவத்தில் இப்படியான இடங்களில் கறள் பிடிக்காமல் நிற்பது பெயர்க்கல் ஒன்றுதான்.

இந்தக் கேள்வியைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அமெரிக்கா. அங்கே 1965ஆம் ஆண்டு முதல் நிலம், நீர் பாதுகாப்பு நிதியம் என்று ஒன்று இயங்குகிறது. கடலடியில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதி அதற்குள் போகிறது. அதிலிருந்து ஊர்ப் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் படகுத்துறைகளுக்கும் மானியம் கிடைக்கிறது. செலவில் பாதி வரை மத்திய அரசு தரும். இதுவரை 40,000க்கும் மேற்பட்ட திட்டங்கள். பணத்தைவிட அதோடு ஒட்டிவரும் நிபந்தனைதான் நமக்கு முக்கியம். இந்த நிதியில் ஒரு ரூபாய் விழுந்த காணி காலம் முழுவதும் மக்கள் திறந்தவெளியில் பொழுதுபோக்கும் இடமாகவே இருக்க வேண்டும். வேறு பயன்பாட்டுக்கு எடுத்தால், அதே பெறுமதியும் அதே பயனும் உள்ள வேறு காணியைப் பதிலாகக் கொடுக்க வேண்டும். இதைக் கண்காணிக்க, ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு மாநில அரசுகளுடையது.

பல பத்தாண்டுகளாக அந்தப் பரிசோதகரின் கையில் இருந்தது ஒரு கோப்பு. அதற்குள் மானியம் கொடுத்த காலத்தில் யாரோ பேனாவால் எல்லை வரைந்து, திகதியிட்டுக் கையெழுத்து வைத்த ஒரு தாள். 'பெரிய மரத்திலிருந்து வேலி வரை' என்ற பாணியில் வரைந்த எல்லைகளும் உண்டு. மரம் விழுந்திருக்கும், வேலி நகர்ந்திருக்கும். இப்போது அந்தத் தாளை வருடி, செய்மதிப் படத்தின் மேல் பொருத்தி, எல்லைக்கோட்டைக் கைத்தொலைபேசிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பரிசோதகர் மைதானத்தில் நடக்கும்போது திரையில் ஒரு நீலப்புள்ளி கூடவே நடக்கிறது. புதிதாக முளைத்த தண்ணீர்த் தாங்கிக்கு அருகே அவர் நிற்கிறார். புள்ளி கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. அந்தத் தாங்கி பூங்காக் காணியில் கட்டப்பட்டிருக்கிறது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அலுவலகத்துக்குத் திரும்பி அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நீலப்புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

ஜிபிஎஸ் செய்மதிகள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகிறது. அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று தூரம் போதும் என்றாலும், கைத்தொலைபேசியின் மலிவான கடிகாரம் சரியாக ஓடாது என்பதால் அதன் பிழையையும் கணக்கிட நான்காவது செய்மதி தேவைப்படுகிறது. நேரத்தில் ஒரு நானோ செக்கன், அதாவது ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு, பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். செய்மதியின் கடிகாரமே நம்முடையதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செக்கன் விரைவாக ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொல்லும் இந்த வேறுபாட்டைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தவறிவிடும். 2000ஆம் ஆண்டு மே 2 வரை அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பிக்கொண்டிருந்தது. அன்று அதை நிறுத்தினார்கள். இன்று திறந்த வானத்துக்குக் கீழே சாதாரணக் கைத்தொலைபேசி சுமார் ஐந்து மீட்டருக்குள் நம் இடத்தைச் சொல்லும்.

மட்டக்களப்பில் இதோடு இரண்டு தொல்லைகள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது தண்ணீர். வானொலி அலைகளை நீர்ப்பரப்பு நன்றாகத் தெறிக்கவிடும். நாசா 2016 டிசம்பரில் ஏவிய எட்டுச் சிறு செய்மதிகள், கடலில் பட்டுத் தெறிக்கும் ஜிபிஎஸ் சமிக்ஞையை வைத்தே புயற்காற்றின் வேகத்தை அளக்க அனுப்பப்பட்டவை. அதே தெறிப்பு வாவிக்கரையில் நிற்பவரின் கைத்தொலைபேசிக்குள் வந்தால், நேராக வந்த சமிக்ஞையோடு அது கலந்து, தூரத்தைக் கூட்டிக் காட்டக்கூடும். சுவர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே நிற்கும்போது நடப்பதும் இதுதான்.

இரண்டாவது தொல்லை தலைக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டைத் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து ஏவியதற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவது. அந்தக் கோட்டுக்கு மட்டக்களப்பும் தூரமில்லை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானில், பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம் சில நாட்களில் அமைதி இழக்கும். மின்னூட்டத் துகள்கள் குறைந்த பெரிய குமிழிகள் அங்கே மேலெழும். அவற்றின் ஊடாக வரும் செய்மதிச் சமிக்ஞை துடித்து மங்கும். சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். ஊர்ச் சனம் காற்று வாங்கக் கிளம்பும் நேரமும் இந்தக் குமிழிகள் கிளம்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. பரிசோதகர் காலையில் போவது நல்லது, வெயிலும் குறைவு.

'ஓரிடத்திலேயே ஒரு நிமிடம் நின்று சராசரி எடுத்தால் பிழை போய்விடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் போகாது. அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்த அளவுகள் எல்லாம் ஒரே பக்கமாகவே பிழைத்திருக்கும். இன்னொரு நாள், வேறு நேரத்தில், செய்மதிகள் வேறு இடங்களில் இருக்கும்போது திரும்பிப் போய் அளந்தால்தான் சராசரிக்கு அர்த்தம் வரும்.

ஊஞ்சல் எங்கே நிற்கிறது என்று குறிக்க ஐந்து மீட்டர் தாராளம். எல்லைக்கு அது போதாது. பக்கத்து வளவுக்காரர் வருடத்துக்கு ஒரு மீட்டராக வேலியை நகர்த்தினால், ஐந்து வருடம் வரை கைத்தொலைபேசிக்கு அது தெரியவே தெரியாது. இங்கே பழைய வித்தைகள்தான் உதவும். மதகு, மின்கம்பம் போன்ற நகராத பொருளிலிருந்து நாடா பிடித்து வேலி வரை அளந்து எழுதுவது ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம் எடுப்பது இன்னொன்று. சந்தேகம் வலுத்தால் நில அளவையாளரை அழைக்க வேண்டியதுதான். அவருடைய கருவி சென்டிமீட்டர் கணக்கில் பேசும்.

அவரிடம் போகும்போது வேறொரு பொறியும் காத்திருக்கிறது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்தை வேறு அளவுகளில் எடுத்துக்கொண்டவை. கந்தவல என்ற ஆதாரப் புள்ளியைக் கொண்டு கணக்கிட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி மாதிரி வேறு. பழைய தாளிலுள்ள அகலக்கோடு, நெடுங்கோடுகளை அப்படியே கைத்தொலைபேசிக்குள் இட்டால் எல்லை நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் விழும். கரையோரப் பூங்கா ஒன்று வாவிக்குள் மிதப்பதாகத் திரை காட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் வாவிக்குள் மிதக்கும் பூங்கா எப்போதும் கணக்குப் பிழையாக இருக்க வேண்டும் என்பதுமில்லை.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். கடலோடு அதற்குள்ள தொடர்பு பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள். வறண்ட மாதங்களில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வெள்ளம் வந்து நிறையும். வாய் தானாகத் திறக்க வேண்டும், அல்லது வெட்டிவிட வேண்டும். அதுவரை நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தக் கரை செங்குத்தானதல்ல. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரியும் கரையை வைத்துக்கொள்வோம். நீர் அரை மீட்டர் ஏறினால் கரைக்கோடு ஐம்பது மீட்டர் உள்ளே வந்துவிடும். கைத்தொலைபேசியின் பிழை ஐந்து மீட்டர். நிலத்தின் பிழை ஐம்பது. ஓகஸ்டில் அளந்த பூங்காவும் டிசம்பரில் அளந்த பூங்காவும் ஒரே பரப்பளவாக இருக்காது. 'வாவி வரை' என்று எல்லை எழுதப்பட்ட காணியில், யாருடைய வாவி, எந்த மாதத்து வாவி என்பது பெரிய வழக்காக மாறக்கூடிய கேள்வி.

சட்டமும் இங்கே தடுமாறும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கரையோர வலயத்தைச் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் உள்நோக்கி அளக்கிறது. வாவிகள் கடலோடு சேரும் இடங்களில் அது இரண்டு கிலோமீட்டர் வரை நீளும். சுனாமிக்குப் பிறகு கட்டடம் கட்டக் கூடாத தூரமாகத் தென், மேற்குக் கரைகளுக்கு 100 மீட்டரும் வடக்கு, கிழக்குக்கு 200 மீட்டரும் அறிவித்தார்கள், பின்னர் தளர்த்தினார்கள். 100, 200, 300 என்று எண்கள் திட்டவட்டமாக இருக்கின்றன. அவை தொடங்கும் பூச்சியம்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வாவிக்கரையில் எடுக்கும் எந்த அளவும் திகதி இல்லாமல் பயன்படாது. கைத்தொலைபேசி செய்யும் பேருதவி இடத்தைச் சொல்வதைவிட நேரத்தைப் பதிவதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நாள், மணி, இடம் மூன்றும் தாமாக ஒட்டிக்கொள்கின்றன.

எல்லையை விட்டு ஊஞ்சலுக்கு வருவோம். பரிசோதனைப் படிவங்களில் நான் காணும் பெருங்குறை 'நிலை: நன்று, சுமார், மோசம்' என்ற கேள்வி. ஒருவருக்குச் சுமாராகத் தெரிவது இன்னொருவருக்கு மோசம். இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்த்தாலும் ஒரே விடை வரும்படி கேள்வி அமைய வேண்டும். சங்கிலியும் குழாயும் சேரும் கொளுக்கியைப் பாருங்கள். ஊஞ்சலில் முதலில் தேய்வது அங்கேதான், அதுவும் உட்பக்கத்தில், கீழே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில். கல்லடி போன்ற கரையில் உப்புக்காற்று அதைப் பெயின்டுக்கு அடியிலிருந்தே அரிக்கும். 'கொளுக்கியின் தடிப்பு பாதியாகத் தேய்ந்துவிட்டதா?' என்று கேட்டு, கிட்டப்படம் இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக விடாமல் செயலி மறித்தால், விடையில் கதை விட இடமில்லை. சறுக்கியின் கம்பிகளுக்கு இடையே 9 சென்டிமீட்டருக்கு மேல், 23 சென்டிமீட்டருக்குக் கீழ் இடைவெளி இருக்கிறதா? இருந்தால் சிறு பிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கும். அடியில் மணல் எவ்வளவு ஆழம்? 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்கு 23 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பொலபொலப்பான மணல் வேண்டும் என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவின் கணக்கு. ஒரு மாரி முழுவதும் மழை குத்தி இறுகிய மணலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு கம்பியைக் குத்திப் பார்த்து எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட படிவங்களை உருவாக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓடிகே, அதன் வழிவந்த கோபோ டூல்பாக்ஸ் இரண்டும் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்; எழுதியதைச் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். தமிழிலேயே கேள்வி எழுதலாம். கைத்தொலைபேசியே வேண்டாம் என்பவருக்கும் வழியுண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் களப்பணியாளர்கள் பயன்படுத்தும் 'ஃபீல்ட் பேப்பர்ஸ்' என்ற முறையில் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, பேனாவால் எழுதி, திரும்பப் படமெடுத்து ஏற்றினால், தாளின் மூலையிலுள்ள கட்டக் குறியீட்டைக் கொண்டு கணினி அதைச் சரியான இடத்தில் பொருத்திவிடும். கறுப்புக் கண்ணாடித் திரை வெயிலில் தெரியாத மதிய வேளையில் தாளுக்கு நிகர் இல்லை.

கருவி ஒரு தடையல்ல, செலவும் பெரிதல்ல. அப்படியானால் குறை எங்கே? திரும்பிப் போவதில்தான். ஓப்பன் சிட்டீஸ் திட்டத்தின் இன்னொரு நகரான காட்மாண்டுவில், அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் காட்மாண்டு லிவிங் லாப்ஸ் என்ற அமைப்பாகத் தொடர்ந்து இயங்கினார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வந்தபோது வரைபடம் கையில் இருந்தது, அதைத் திருத்தத் தெரிந்த ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து உடனடியாக அதைப் புதுப்பித்தார்கள். எந்த நகரத்து வரைபடமும் வரைந்து முடித்த மறுநாளிலிருந்து பழசாகத் தொடங்குகிறது. வரைந்தவர்கள் ஊரிலேயே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். அமெரிக்கச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனமும் இதுதான்: எந்தக் கருவியால் பார்க்க வேண்டும் என்பதில் அது தொங்கிக்கொண்டிருக்கவில்லை, ஐந்து வருடத்துக்குள் மறுபடி பார் என்பதில் பிடிவாதமாக நிற்கிறது. முதல் வரைபடம் மண்முனை வடக்குக்கு 2013 வாக்கிலேயே கிடைத்துவிட்டது. மாநகர சபையின் ஒவ்வொரு பூங்காவுக்கும் ஓர் எல்லைக்கோடு, ஒரு படிவம், குறித்த மாதம் ஒன்றில் மறுவருகை என்று ஒரு தீர்மானம் போதும். மிச்சத்தைச் செய்ய இளைஞர் கழகங்களும் பாடசாலைப் புவியியல் வகுப்புகளும் இருக்கின்றன. அந்த விபரம் எல்லோரும் பார்க்கும்படி வெளியில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. அலுவலக அலுமாரிக்குள் போகும் பரிசோதனை அறிக்கை, ஊஞ்சலில் ஏறும் பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவாது.

தீர்மானம் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் மைதானம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் நீங்களே வரையலாம். அதன் நில அளவைப் படம், செலவான பணம், கடைசியாகப் பழுது பார்த்த திகதி ஆகிய மூன்றையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.